பட்டாளம் இல்லாத பட்டாளத்து வீடு

என் மனைவி சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர். காக்கிச் சட்டை, காலரில் பொன்னிற ஓக் இலைச் சின்னம், தொப்பியில் நங்கூரமும் அதன் குறுக்கே பாம்பு சுற்றிய கோலும். அமெரிக்கப் பொது சுகாதாரச் சேவையின் சீருடைப் படையில் பதவி லெப்டினன்ட் கமாண்டர். பார்க்கும் வேலை மருந்தாளுநர் வேலை. துப்பாக்கியைக் கையில் தொட்டதுகூட இல்லை. நாள் முழுக்கச் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும்தான்.

குடியாத்தத்தில் இருந்து அம்மா பேசும்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டதாகச் சொல்லி இந்தக் கேள்வி வந்துவிடும். "மருமக எந்தப் பட்டாளத்துல இருக்கான்னு கேக்குறாங்க, நான் என்னன்னு சொல்றது?" வேலூர் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவே கிடையாது. எங்கள் பெரியப்பாவே பட்டாளத்தில் இருந்தவர்தான். அதனால் சீருடை என்றால் எந்த ரெஜிமெண்ட் என்று கேட்பது அங்கே வழக்கம். நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் சுருக்கு வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். "டிவியில விவேக் மூர்த்தின்னு ஒரு டாக்டர் வெள்ளை டிரெஸ், மெடல் எல்லாம் போட்டு வருவாரே, அந்தப் படைம்மா." உடனே மரியாதை கூடிவிடும். மூர்த்தி அப்போது அமெரிக்க அரசின் சர்ஜன் ஜெனரல், வைஸ் அட்மிரல் அந்தஸ்தில் இருந்த மருத்துவ அதிகாரி, அவர் பேரைச் சொல்லி என் மனைவிக்கு ஊரில் கிராக்கி தேடித் தந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் சீருடைப் பணிகள் என்று சட்டப்படி எட்டு இருக்கின்றன. தரைப்படை, கடற்படை, மரைன், விமானப்படை, விண்வெளிப்படை, கடலோரக் காவல்படை ஆகிய ஆறும் ஆயுதப் படைகள். மீதி இரண்டுக்கு ஆயுதம் கிடையாது. ஒன்று கடலையும் வானிலையையும் ஆராயும் நோவா அமைப்பின் சிறிய அதிகாரிகள் படை. இன்னொன்று பொது சுகாதாரச் சேவையின் கமிஷண்டு கோர் என்ற அதிகாரிகள் படை, என் மனைவி இருப்பது இதில்தான். ஏறக்குறைய 6,000 பேர். மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், மருந்தாளுநர், பொறியாளர், கால்நடை மருத்துவர் என்று மொத்தம் 11 தொழில் பிரிவுகள். பதவிப் பெயர்கள் எல்லாம் கடற்படையில் இருந்து வந்தவை.

ஏன் கடற்படை? ஆரம்பமே மாலுமிகளிடம்தான். 1798 ஜூலையில் அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட சட்டப்படி, வணிகக் கப்பல் மாலுமி ஒவ்வொருவர் சம்பளத்திலும் மாதம் 20 சென்ட் பிடித்து, அந்தப் பணத்தில் துறைமுகங்களில் அவர்களுக்கு மருத்துவமனை நடத்தினார்கள். அது ஊருக்கு ஒரு விதமாகச் சீரழிந்து கிடந்தபோது, 1871இல் ஜான் வுட்வொர்த் என்ற மருத்துவர் தலைமைக்கு வந்தார். உள்நாட்டுப் போரில் பணி செய்தவர். மருத்துவர்களுக்குச் சீருடை மாட்டி, எந்த ஊருக்கு அனுப்பினாலும் போக வேண்டும் என்று பட்டாள ஒழுங்கைக் கொண்டுவந்தார். 1889இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. பின்னால் காலரா, மஞ்சள் காய்ச்சல், பிளேக் என்று எது வந்தாலும் இவர்களைத்தான் அனுப்பினார்கள்.

சரி, சலுகைகளுக்கு வருகிறேன். ராணுவத்தாருக்கு உள்ள சலுகைகள் இந்தப் படையினருக்கும் உண்டா என்று கேட்டுத்தான் என் போன பதிவுக்கு வந்த மின்னஞ்சல்களில் பாதி.

காகிதத்தில் பார்த்தால் ராணுவ அதிகாரிக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இவர்களுக்கும் உண்டு. அடிப்படைச் சம்பளம் அதே அட்டவணைப்படி, பதவியையும் பணிக்காலத்தையும் பொறுத்தது. வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்து மாறும், குடும்பம் இருந்தால் கூடும். சாப்பாட்டுப்படி தனி. இந்தப் படிகளுக்கு வருமான வரி இல்லை. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. குடும்பத்துக்கு டிரைகேர் என்ற ராணுவ மருத்துவக் காப்பீடு. 20 ஆண்டு முடித்து ஓய்வு பெற்றால் ஓய்வூதியம். 2018க்குப் பின் சேர்ந்தவர்களுக்குச் சதவீதம் குறைவு, ஆனால் சேமிப்புக் கணக்கில் அரசும் தன் பங்கைப் போடும். ஓய்வுக்குப் பின் அதிகாரி இறந்தால், அதற்கான சந்தாவை அவர் கட்டியிருந்தால் துணைக்கு அந்த ஓய்வூதியக் கணக்கில் 55 சதவீதம் வரை. வீட்டுக்கடனுக்கு முன்னாள் படைவீரர் துறையின் உத்தரவாதம். இறந்தால் தேசியக் கல்லறையில் இடம் கேட்கவும் உரிமை இருக்கிறது. என் மாமியாரிடம் இந்தப் பட்டியலைச் சொன்னபோது கடைசி ஐட்டத்தை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டார்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் நாங்கள் இருப்பது நியூ மெக்சிகோவில் கேலப் பக்கம், நவாஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தை ஒட்டி. பூர்வகுடி மக்களுக்கான இந்தியன் ஹெல்த் சர்வீஸில் மனைவிக்கு வேலை. (ஆமாம், "அப்போ நமக்கும் அங்கே ஃப்ரீயா?" என்று என் மச்சான் கேட்டிருக்கிறான்.) இந்தப் படையின் ஆட்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் நிறைய இருப்பார்கள்: பூர்வகுடி நிலங்கள், மத்திய சிறைகள், எல்லையோரத் தடுப்பு மையங்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையத்திலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் இருப்பவர்கள் நகரத்துக்காரர்கள், அவர்கள் கதை வேறு. ராணுவக் குடும்பத்துக்கான வசதிகளோ ராணுவத் தளங்களைச் சுற்றித்தான் இருக்கும். கமிசரி என்ற மலிவு விலை மளிகைக்கடை, அதாவது நம்மூர் மிலிட்டரி கேன்டீன், எங்களுக்குக் கிட்டத்தில் என்று சொன்னால் ஆல்புகெர்க்கியில் கர்ட்லண்ட் விமானத்தளத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பால் வாங்கப் போனால் வருவதற்குள் தயிராகிவிடும்.

கேன்டீன் போகட்டும். தளத்தில் இருக்கும் குடும்பங்களுக்குப் பக்கத்து வீடும் எதிர் வீடும் பட்டாளத்து வீடுதான். கணவனோ மனைவியோ திடீரென்று எங்காவது அனுப்பப்பட்டால் என்ன செய்வது என்று அந்தத் தெருவுக்கே தெரியும். எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான்.

2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்டபோது மனைவிக்கு அழைப்பு வந்தது. பையை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது விதி, எங்கள் வீட்டில் அது துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் இருக்கும். அவர் கிளம்பிய பிறகு பல நாள் சரியாகப் பேச முடியவில்லை. தீவு முழுக்க மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் விழுந்து கிடந்தன. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மகனை யாரிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவது என்பதுதான் அன்று எனக்குத் தேசியப் பேரிடர். அவசரத்துக்கு அழைக்க என்று ஒரு எண் கொடுத்திருந்தார்கள். அழைத்தேன். எந்த ராணுவத் தளம் என்று கேட்டார்கள். தளம் இல்லை, பொது சுகாதாரப் படை என்றேன். அதைத் திரும்ப எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். கடைசியில் உதவியது மருந்தகத்தில் மனைவியோடு வேலை செய்யும் ஒரு நவாஹோ அம்மா. என் மகன் அவர் வீட்டில் அவர் பேரப்பிள்ளைகளோடு ஆட்டுக்கறிக் குழம்பைக் குடித்துவிட்டு வந்து, என் சாம்பாரை ஏளனமாகப் பார்க்க ஆரம்பித்தான்.

இந்தப் படைக்கு உரிமைகள் எப்படி வருகின்றன என்பது தெரிந்தால்தான் இந்தக் குழப்பம் புரியும். ராணுவத்துக்கான சட்டங்கள் தானாக இவர்களுக்குப் பொருந்துவதில்லை. பொது சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 221ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது, ராணுவச் சட்டத்தின் இன்னின்ன பகுதிகள் இவர்களுக்கும் உண்டு என்று. காங்கிரஸ் ராணுவத்துக்குப் புதிதாக ஏதாவது கொடுக்கும்போது யாராவது நினைவு வைத்து இவர்களையும் சேர்க்க வேண்டும். மறந்தால் போச்சு. ஒரு சட்டம் 'சீருடைப் பணியினர்' என்று சொன்னால் நாங்கள் உள்ளே, 'ஆயுதப் படையினர்' என்று சொன்னால் வெளியே.

இதற்கு நல்ல உதாரணம் கல்விச் சலுகை. 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் என்ற சட்டத்தின் மூலம் படைவீரர் தன் கல்லூரிப் படிப்புக்கான உரிமையைத் துணைக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கலாம். 2009 ஆகஸ்டில் இது தொடங்கியபோது ஆயுதப் படைகளுக்கு மட்டும்தான். இவர்களும் நோவா அதிகாரிகளும் சேர 2011 ஆகஸ்ட் ஆனது. இரண்டு ஆண்டுதானே என்று தோன்றும். அந்த இரண்டு ஆண்டுக்குள் ஓய்வு பெற்றுப் போன ஒருவரை எங்களுக்குத் தெரியும். இரண்டு பெண் பிள்ளைகள், இருவர் படிப்புக்கும் கடன்தான். மாற்றிக் கொடுப்பது பணியில் இருக்கும்போதே செய்ய வேண்டியது, வெளியே வந்த பிறகு கதவு மூடிவிட்டது. கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று இங்கே பிள்ளை வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் ஆசிரியர் உரிமத்துக்கும் இதே பாடுதான். முன்பு இருந்த ஒரு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனபோது, படைவீரர் துணைக்கு விரைவாக உரிமம் தருவதாகப் படிவத்தில் போட்டிருந்தார்கள். மனைவியின் பணி ஆணையை இணைத்து அனுப்பினேன். உங்கள் மனைவி ஆயுதப் படையில் இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி தேர்வு, மறுபடி கட்டணம், அதுவரை சம்பளம் இல்லாத வீட்டு மாப்பிள்ளை. 2023 ஜனவரியில் மத்திய அரசு படைவீரர் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது: பணி மாற்றத்தால் இடம் பெயரும் சீருடைப் பணியினரின் தொழில் உரிமமும் துணையின் உரிமமும் புதிய மாநிலத்திலும் செல்லும். வக்கீல்களுக்கு மட்டும் அப்போது விதிவிலக்கு. இந்தச் சட்டம் 'சீருடைப் பணியினர்' என்றே எழுதப்பட்டிருப்பதால் நாங்களும் உள்ளே. எனக்கு இது காலம் கடந்த மழை என்றாலும், அடுத்த மாற்றலுக்கு ஆகும்.

குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது மேரி கோல்ட்பெர்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் கணவர் ஜோசப் கோல்ட்பெர்கர் இந்தப் படையின் மருத்துவர், ஹங்கேரியில் பிறந்து சிறு வயதில் நியூயார்க் வந்த யூதர். பணியில் மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைஃபஸ் மூன்றும் பட்டுப் பிழைத்தவர். 1914இல் அவரைப் பெலாக்ரா நோயை ஆராயத் தென் மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துச் சாகும் நோய். கிருமியால் பரவுகிறது என்று பலரும் நம்பினார்கள். இவர் அனாதை இல்லங்களையும் மனநல விடுதிகளையும் சுற்றிப் பார்த்தார். விடுதிவாசிகளுக்கு வருகிற நோய் அவர்களோடு பழகும் பணியாளர்களுக்கு வரவில்லை. அப்படியானால் தொற்று இல்லை, சாப்பாட்டில்தான் கோளாறு. சோளமாவும் கொழுப்பும் வெல்லப்பாகுமே மூன்று வேளையும். பாலும் இறைச்சியும் கொடுத்ததும் நோய் போனது. பலர் நம்பவில்லை. 1916இல் அவரும் சக மருத்துவர்களும் நோயாளிகளின் இரத்தத்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார்கள், சிறுநீர், மலம், தோல் செதில்களை மாவில் உருட்டி விழுங்கினார்கள். மேரியும் முன்வந்தார். அந்த மாவு உருண்டையை மேரி விழுங்குவதற்கு ஆண்கள் சம்மதிக்கவில்லை, பெலாக்ராவில் செத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் இரத்தத்தை மட்டும் மேரியின் வயிற்றில் ஊசியால் செலுத்தினார்கள். யாருக்கும் நோய் வரவில்லை.

கோல்ட்பெர்கர் 1929 ஜனவரியில் புற்றுநோயில் இறந்தார். நோய்க்குக் காரணமான சத்துக்குறை நயாசின் என்று பிறகு 1937இல் தெரிந்தது. மேரிக்கு ஓய்வூதியம் கொடுக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கணவரோடு சேர்ந்து நோயாளியின் இரத்தத்தை ஏற்றிக்கொண்ட பெண்ணுக்கே அப்படி. இன்று 55 சதவீதம் என்று ஒரு படிவத்தில் நாங்கள் டிக் போட முடிகிறதென்றால், அது இப்படித் தனித்தனியாகக் கேட்டுக் கேட்டு வந்த உரிமை.

எதிர்த்தரப்பு வாதமும் இருக்கிறது, அதை ஒதுக்க மாட்டேன். 1996இல் காங்கிரஸின் கணக்குத் தணிக்கை அலுவலகம் இந்தப் படை தேவைதானா என்று ஓர் அறிக்கை எழுதியது. இவர்கள் செய்யும் வேலையையே சிவிலியன் ஊழியர்களும் செய்கிறார்கள், ராணுவச் சம்பளம் எதற்கு என்பதுதான் அதன் சாரம். என் மனைவிக்கு அடுத்த கவுண்டரில் நிற்பவர் சிவிலியன் மருந்தாளுநர். அதே மாத்திரை, அதே நோயாளி. அவருக்கு வரியில்லா வாடகைப்படி கிடையாது. எங்கள் வீட்டில் சாப்பிட வரும்போது அவரே இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவர் சொல்வது சரி. ஆனால் புயல் அழைப்பு வந்தால் அவர் முடியாது என்று சொல்லலாம், என் மனைவி சொல்ல முடியாது. மிகைநேரச் சம்பளமும் கிடையாது. 2014 நவம்பரில் லைபீரியாவின் மன்ரோவியா அருகே எபோலா தொற்றிய சுகாதாரப் பணியாளர்களுக்கென்று 25 படுக்கை மருத்துவமனை ஒன்றைத் திறந்து நடத்தியவர்கள் இந்தப் படையினர்தான். உலகமே அந்த ஊரில் இருந்து வெளியேறிக்கொண்டிருந்த நேரம். அடுத்த ஆண்டு படைக்கு அதிபரின் பாராட்டுப் பட்டயம் கிடைத்தது. அதற்கான ரிப்பன் இப்போது சிலர் சட்டையில் இருக்கிறது.

ரிப்பன் என்றதும் ஒன்று. விழாக்களுக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் சட்டையை விரித்து, மகனின் பள்ளி ஸ்கேலை வைத்து, பாக்கெட்டுக்கு மேலே கால் அங்குலம் அளந்து ரிப்பன் வரிசையைக் குத்துவது என் வேலை. ஒரு பக்கம் நூலளவு சாய்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கணக்கு வாத்தியாருக்கு வேறு என்ன வேலை என்பார்.

ஆனால் அந்தச் சீருடையோடு மருந்தகத்துக்குப் போகும்போது எல்லோரும் எழுந்து வணக்கம் வைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். காத்திருப்பு அறையில் சில வயதான பெண்கள் அந்தச் சட்டையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். காரணம் இருக்கிறது. 1973 முதல் 1976 வரை இந்தியன் ஹெல்த் சர்வீஸின் நான்கு பகுதிகளில் மட்டும் 3,406 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டதை 1976இல் அதே தணிக்கை அலுவலகம் எழுதியது. சம்மதம் வாங்கிய முறை விதிப்படி இல்லை என்றும் எழுதியது. அதற்கு முன் அலபாமாவில் டஸ்கீகி. 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், வேடிக்கை பார்த்தது பொது சுகாதாரச் சேவைதான். வெளியே கொண்டுவந்தவர் பீட்டர் பக்ஸ்டன், அதே சேவையில் சான்பிரான்சிஸ்கோவில் வேலை பார்த்தவர். அங்கீகாரம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சில சக அதிகாரிகளின் குடும்பத்தாருக்கு இதில் என் மேல் வருத்தம் உண்டு.

2018 ஜூனில் வெள்ளை மாளிகை வெளியிட்ட நிர்வாகச் சீரமைப்புத் திட்டத்தில் இந்தப் படையை 4,000 பேருக்கு மேற்படாமல் குறைக்க வேண்டும் என்று இருந்தது. வீட்டில் அப்போது ஓய்வூதியக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டே ஆண்டில் கொரோனா. 2020 மே மாதம் நவாஹோ நிலத்தில் மக்கள்தொகைக்கு ஏற்ற தொற்று விகிதம் நியூயார்க்கையும் தாண்டியது. வார இறுதியில் 57 மணி நேர ஊரடங்கு. ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் கையைக் கழுவுங்கள் என்று எப்படிச் சொல்வது? இந்த முறை மனைவியை எங்கும் அனுப்பவில்லை, போர் வீட்டு வாசலிலேயே இருந்தது. மருந்தை வண்டியில் வைத்து, மண் சாலைகளில் வீடு வீடாகக் கொண்டு சேர்க்க ஆள் அனுப்பினார்கள். ராத்திரி வந்ததும் கராஜிலேயே சீருடையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். படையைக் குறைக்கும் பேச்சு அந்த ஆண்டு எங்கும் காதில் விழவில்லை. மாறாக, 2020 மார்ச்சில் வந்த நிவாரணச் சட்டம் இந்தப் படைக்கு ஒரு ரிசர்வ் பிரிவுக்கும் வழி செய்தது.

கடைகளில் படையினருக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்று எழுதியிருப்பார்கள். அட்டையை நீட்டினால் கல்லாவில் இருக்கும் பையன் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். சில சமயம் கொடுப்பான், சில சமயம் மேனேஜரைக் கூப்பிடுவான். பின்னால் வரிசை நீளும். மனைவி இப்போதெல்லாம் அட்டையை எடுப்பதே இல்லை. விமான நிலையத்தில் யாராவது 'உங்கள் சேவைக்கு நன்றி' என்று கை குலுக்கினால், கடற்படை என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், திருத்தாமல் சிரித்து வைப்பார். எனக்கு அந்த நன்றியும் வேண்டாம், தள்ளுபடியும் வேண்டாம். ராணுவத்துக்கென்று ஒரு மசோதா எழுதும்போதெல்லாம் 'சீருடைப் பணியினர்' என்று எழுதுங்கள், அவசர உதவி எண்ணை எடுப்பவரிடம் எட்டுப் பணிகளின் பெயர்கள் கொண்ட பட்டியலைக் கொடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டு எழுதியிருந்த டெக்சாஸ் வாசகருக்கு: அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. 44 வயதுக்குள் சேர வேண்டும். உடற்தகுதித் தேர்வு உண்டு. ஃபார்மசி படிக்கும்போதே சம்பளத்தோடு எடுக்கும் கோஸ்டெப் என்ற திட்டம் இருக்கிறது, முதலில் அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எங்கே போஸ்டிங் வேண்டும் என்று கேட்டால் ஊர் பெயர்களைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அப்புறம், அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் மாப்பிள்ளையின் தொழில் என்ன என்று எழுதுங்கள், அந்த உரிமப் படிவங்களை எப்படி நிரப்புவது என்று நான் சொல்கிறேன்.